பெட்ரோல் காருக்கு இன்டர்கூலரோடு சூப்பர்சார்ஜர்: எந்த வேலையை முதலில் தொடவேண்டும், எதைக் கடைசியில் மாட்டவேண்டும்

என்னுடைய பழைய 1.6 பலேனோவுக்கு இரண்டு தடவை சூப்பர்சார்ஜர் ஏற்றியிருக்கிறேன். எஞ்சினின் பெல்ட்டில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி அது, ப்ளோயர் என்றும் சொல்வோம். முதல் தடவை, ப்ளோயர் கைக்கு வந்த சந்தோஷத்தில் அதைத்தான் முதலில் மாட்டினேன். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு ட்ராக் நாளில், நாலாவது சுற்றிலேயே மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து, ஆயில் டிப்ஸ்டிக் துளை வழியாகப் புகை வந்தது. இரண்டாவது தடவை வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றினேன். பெட்ரோல், சென்சார், கம்ப்யூட்டர், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் ப்ளோயர். அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, லேத் வேலைக்கும் அலுமினிய வெல்டிங்குக்கும் கோயம்புத்தூர்தான் எங்களுக்குக் கதி, ஓட்டிப் பார்க்க செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் அடிக்கும் வெயில் எல்லோருக்கும் தெரியும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட சூப்பர்சார்ஜர் கணக்கு எதையும் அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வேலை செய்யாதீர்கள். அவர்கள் 15 டிகிரி காற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. நமக்கு பானட்டுக்குள் போகும்போதே காற்று 35, 40.

முதலில் ஆர்டிஓ விஷயம்

இதை ஒளித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் அதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேரளத்தில் வண்டி மாற்றங்களை எவ்வளவு கவனமாகப் பிடிக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். என் வண்டி ரேஸ் ட்ராக்குக்கும் டிராக் ஓட்டத்துக்கும் (நேர்கோட்டில் ஓடும் குறுகிய பந்தயம்) மட்டும், ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் போகிறது. தெருவில் ஓடும் வண்டி போல நிதானமான பூஸ்ட்டில் (ப்ளோயர் ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எஞ்சின் தாங்குமா

கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்குங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளக்கவேண்டும். நாலு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். அடுத்து லீக்-டவுன் பார்த்தால், அதாவது பிளக் துளை வழியாகக் காற்றை அடைத்துக் கசிவைச் சோதித்தால், காற்று ரிங் வழியாகப் போகிறதா, வால்வு வழியாகப் போகிறதா, ஹெட் கேஸ்கெட் வழியாகப் போகிறதா என்று காதிலேயே கேட்கும். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட். ஆயில் மூடியில் காற்று வந்தால் ரிங்.

பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் கம்பெனி கொடுத்ததுதான் என்றால் 5, 6 பிஎஸ்ஐ-யோடு நின்றுவிடுங்கள். ஆரோக்கியமான எஞ்சினுக்கு, நல்ல டியூனிங்கோடு, அது நியாயமான எல்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் குறைந்த கம்ப்ரஷனும் வேண்டும், அது வேறு பட்ஜெட், வேறு கதை.

எந்த ப்ளோயர், எவ்வளவு பெரிய புல்லி

சென்ட்ரிஃபியூகல் வகை டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தது போன்றது. சுற்று ஏற ஏறத்தான் பூஸ்ட் வரும். ரூட்ஸ் வகை ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து வைத்தாற்போல் காற்றைத் தள்ளும், அதனால் 2,000 ஆர்பிஎம்-லேயே இழுக்கும். ட்வின் ஸ்க்ரூ அதைவிடச் சூடு குறைவு, விலை கூடுதல். சின்ன எஞ்சினுக்கு நான் ரூட்ஸ் பக்கம். பழைய சாமானில் கிடைப்பவை பெரும்பாலும் ஜப்பான் டொயோட்டாவின் எஸ்சி12, இல்லையென்றால் முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ்-இன் ஈட்டன் எம்45. எஸ்சி12-க்கு ஏசி கம்ப்ரசரில் இருப்பது போலவே மின்காந்த கிளட்ச் இருக்கும். எம்45-க்கு அது கிடையாது, எப்போதும் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

பழையதை வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். ரோட்டர் உறையில் உரசிய கோடு இருக்கக்கூடாது, முன்பக்க கப்ளர் கடகடவென்று ஆடக்கூடாது, காற்று வெளியேறும் வாயில் எண்ணெய் ஈரம் இருக்கக்கூடாது. மினியிலிருந்து கழற்றிய எம்45-இல் இன்னொரு விஷயம் உண்டு. அந்த வண்டியில் வாட்டர் பம்ப்பையும் இதே ப்ளோயரின் பின்பக்க கியர்தான் சுற்றுகிறது. அந்தப் பின் கியர் அறையிலும் எண்ணெய் உண்டு, வற்றிப்போய் பல் தேய்ந்திருப்பது சகஜம். எனக்கு வந்தது அப்படித்தான் வந்தது, விற்றவர் "புதுசு மாதிரி" என்று சத்தியம் செய்தார். இரண்டு பக்கமும் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சுற்றும் திசையையும் பாருங்கள். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல எதிர்த்திசையில் சுற்றுபவை, அவற்றுக்கு இந்த ப்ளோயர் நேராகப் பொருந்தாது.

இப்போது புல்லிக் கணக்கு. இதை ஒரு காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கவேண்டும், அடுத்தவர் சொன்ன அளவை வாங்காதீர்கள். 1,590 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்குப் பாதி, அதாவது 795 சிசி இழுக்கும். நிஜத்தில் 88 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 700. எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், ஏறக்குறைய 737 சிசி தள்ளும். கசிவு போக 85 சதவீதம் என்றால் 626. கிராங்க் புல்லி 135 மில்லி, ப்ளோயர் புல்லி 90 மில்லி என்றால் ப்ளோயர் ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றும். 626-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 939. அதை 700-ஆல் வகுத்தால் 1.34. உள்ளே காற்று கொஞ்சம் சூடாக இருப்பதால் இன்னும் ஒரு 5 சதவீதம் அழுத்தம் கூடும், ஆக 1.41. வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ என்பதால் 1.41 என்பது சுமார் 6 பிஎஸ்ஐ பூஸ்ட். எஞ்சின் 6,000-இல் ப்ளோயர் 9,000, எம்45-க்கு அது சிரமமே இல்லாத வேகம்.

இதில் கிடைப்பது என்ன? 94 குதிரைத்திறன் எஞ்சின் 120-ஐ ஒட்டி வரும். 200 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இழுவை கீழ்ச் சுற்றிலிருந்தே கூடுவதால், வண்டி கிளம்பும் விதமே மாறிவிடும்.

பெட்ரோல்

ப்ளோயரைச் சுற்றும் சக்தியும் இதே எஞ்சினிலிருந்துதான் போகிறது, அதனால் 130 குதிரைத்திறனுக்கு எரிபொருள் கணக்குப் போடுங்கள். பூஸ்ட் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல். மொத்தம் 35 கிலோ, ஒரு இன்ஜெக்டருக்கு 8.8 கிலோ. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது, எனவே 11 கிலோ. நிமிடத்துக்கு 250 சிசி. நாம் அடிப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், அதற்கு இன்னொரு 8 சதவீதம். 330 சிசி இன்ஜெக்டர் வாங்கினால் கை இறுகாமல் இருக்கும். பம்ப் இந்த அளவை மூன்று பார் அழுத்தத்தோடு பூஸ்ட்டையும் சேர்த்துத் தரவேண்டும். பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கொடுத்தால்தான் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறும். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எதையும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள். எத்தனால் அதை ஊறவைத்து விரிசல் விடவைக்கும். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம், பானட்டுக்குள் தீ என்பது விளையாட்டல்ல.

95 ஆக்டேன் அல்லது அதற்கு மேல். டியூனிங் எந்த பெட்ரோலில் செய்கிறீர்களோ அதே பெட்ரோலில்தான் ஓட்டவேண்டும். எக்ஸ்பி100 (100 ஆக்டேன் பெட்ரோல்) கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதில் டியூன் செய்துவிட்டு, கிடைக்காத ஊரில் சாதாரண பெட்ரோல் அடித்து ஓட்டினால் பிஸ்டன் போவது நிச்சயம்.

கம்ப்யூட்டரை ப்ளோயருக்கு முன்பே மாற்றுங்கள்

என் முதல் எஞ்சின் போனதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. கம்பெனி மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்று அழுத்தம் வரைதான் படிக்கும். அதற்கு மேல் எவ்வளவு பூஸ்ட் வந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கான பெட்ரோலையும் ஸ்பார்க்கையும்தான் கொடுக்கும். காற்று கூட, பெட்ரோல் பற்றாமல், ஸ்பார்க் சீக்கிரமே அடித்தால் நாக். நாக் என்றால் எரியவேண்டிய கலவை தானாகவே வெடிப்பது. சத்தம் உங்கள் காதுக்கு வருவதற்குள் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

2.5 அல்லது 3 பார் மேப் சென்சார், கம்பெனி கம்ப்யூட்டருக்குப் பதிலாக நாமே டியூன் செய்யக்கூடிய ஸ்டாண்ட்அலோன் கம்ப்யூட்டர் (ஸ்பீடுயினோ, மெகாஸ்க்வர்ட் தொடங்கி ஹால்டெக் வரை, பர்சுக்குத் தகுந்தபடி), எக்ஸாஸ்ட்டிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், இன்டர்கூலருக்குப் பின்னால் காற்று வெப்பநிலை சென்சார். இவ்வளவையும் ப்ளோயர் இல்லாத எஞ்சினில் மாட்டி, புது இன்ஜெக்டரோடு ஐடிலிலும் முழு ஆக்சிலேட்டரிலும் ஒழுங்காக ஓடும் வரை டியூன் செய்யுங்கள். டைமிங் லைட் அடித்து, கம்ப்யூட்டர் காட்டும் டிகிரியும் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று பாருங்கள். 5 டிகிரி தவறிப்போனால் மேலே கட்டும் எதற்கும் அர்த்தமில்லை. இரண்டு ட்ராக் நாள் இப்படியே ஓட்டினால், பிற்பாடு ஏதாவது கோளாறு வரும்போது அது ப்ளோயரால் வந்ததா வயரிங்கால் வந்ததா என்ற குழப்பம் இருக்காது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது கடுப்பான கட்டம்தான், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்டர்கூலர்

காற்றை அழுத்தினால் சூடாகும், ரூட்ஸ் வகையில் இன்னும் அதிகமாகவே. 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 6 பிஎஸ்ஐ-யில், 60 சதவீதத் திறனுள்ள ப்ளோயரிலிருந்து ஏறக்குறைய 88 டிகிரியில் வெளியே வரும். 70 சதவீதம் வேலை செய்யும் இன்டர்கூலர் அதை 51-க்கு இறக்கும். அடர்த்தி 11 சதவீதம் கூடுகிறது. ஆனால் எனக்கு அந்த 11 சதவீதத்தைவிட முக்கியம் நாக் வராமல் கிடைக்கும் பாதுகாப்பு இடைவெளி. 88 டிகிரி காற்றோடு ஸ்பார்க்கை மிகவும் பின்னால் தள்ளவேண்டிவரும் (தாமதமாக்கவேண்டிவரும்), அப்போது சக்தியும் போகும், எக்ஸாஸ்ட்டும் கொதிக்கும்.

காற்றால் குளிர்வதா, தண்ணீரால் குளிர்வதா என்பதில் பட்டறைகளில் ஓயாத சண்டை. காற்றால் குளிர்வது எளிது, பம்ப் கிடையாது, கசிவு கிடையாது. டீசல் கார்களிலிருந்து கழற்றிய நல்ல இன்டர்கூலர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். பம்பருக்குப் பின்னால் வைத்து 50 மில்லி குழாயில் கொண்டுவரலாம். தண்ணீர் வகை சின்ன இடத்தில் அடங்கும், குழாய் நீளம் குறையும்.

டிராக் ஓட்டத்துக்கு ஏன் தண்ணீர் வகை என்று ஒரு கணக்கு சொல்கிறேன். இந்த எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்கு சுமார் 0.1 கிலோ காற்று விழுங்கும். 37 டிகிரி இறக்க, விநாடிக்கு 3.7 கிலோஜூல். 16 விநாடி ஓட்டத்துக்கு 60 கிலோஜூல். டேங்கில் 6 லிட்டர் தண்ணீர் இருந்தால் ஒரு ஓட்டத்தில் அது இரண்டரை டிகிரிதான் சூடாகும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும், அதாவது ஐந்து ஓட்டத்தின் சூட்டை ஒரு கிலோ ஐஸ் தின்றுவிடும். மீன் கடையில் வாங்கும் ஐஸ் போதும். அதே எஞ்சினை ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவது போல நீண்ட நேரம் பூஸ்ட்டில் வைத்தால் கதை வேறு. அந்த 3.7 கிலோவாட் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கும், டேங்க் தண்ணீர் சில நிமிடத்தில் சுடும், முன்னால் நல்ல ரேடியேட்டர் இல்லையென்றால் தண்ணீர் வகையால் பிரயோஜனம் இல்லை. எதற்கு ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு இன்டர்கூலர் வாங்குங்கள்.

பிராக்கெட்டும் பெல்ட்டும்

ஏசி கம்ப்ரசரைக் கழற்றிய இடத்தில் நான் ப்ளோயரை உட்கார வைத்தேன். முதலில் அட்டையில் வெட்டி, அப்புறம் பிளைவுட்டில் வெட்டி, பானட் மூடுகிறதா, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தூரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் 12 மில்லி அலுமினியத் தகட்டுக்குப் போகவேண்டும். பிராக்கெட் எஞ்சின் பிளாக்கில் மட்டும் பிடிக்கவேண்டும். ஒரு முனை எஞ்சினிலும் மறுமுனை பாடியிலும் பிடித்தால் எஞ்சின் ஆடும்போது தகடு விரிசல் விடும்.

சிங்காநல்லூர் பக்கம் ஜாப் ஆர்டர் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் என் புல்லிகளைக் கடைந்து கொடுத்தார். வாங்கும்போது ஒன்று சொன்னார்: "புல்லி நேரா இருக்குதான்னு கண்ணுல பாக்காதீங்க தம்பி, கண்ணு பொய் சொல்லும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சுப் பாருங்க." அப்படியே செய்யுங்கள், ஒரு மில்லிக்குள் வரும் வரை வாஷர் மாற்றி மாற்றிப் பாருங்கள். கோணல் இருந்தால் ஆறு வரி பெல்ட் ஒரு பக்கம் ஓரமாக நூல் பிரியும். ப்ளோயர் புல்லியைப் பெல்ட் குறைந்தது பாதிச் சுற்றாவது தழுவவேண்டும், அதற்கு ஒரு ஐட்லரும் (பெல்ட்டைத் திருப்பிவிடும் சும்மா சுற்றும் புல்லி), பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்ப்ரிங் டென்ஷனரும். சூப்பர்சார்ஜர் வண்டிகளில் "பூஸ்ட் ஏறமாட்டேன்கிறது" என்ற புகாரில் பாதி இந்தத் தழுவல் போதாத பெல்ட் வழுக்குவதுதான்.

த்ராட்டில், பைபாஸ், வேக்குவம்

ரூட்ஸ் வகையில் த்ராட்டில் பாடியை (ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்று வால்வு) ப்ளோயருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், ஆக்சிலேட்டரை விடும்போது ப்ளோயர் தள்ளும் காற்றுக்குப் போக இடமில்லாமல் குழாய் பிய்த்துக்கொள்ளும். பைபாஸ் வால்வு அவசியம். மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும் வரை அது திறந்து காற்றைச் சுற்றி விடும், ப்ளோயர் சும்மா சுழலும், சூடும் பெட்ரோல் செலவும் குறையும். முழுசாக மிதித்தால் மூடும்.

எல்லோரும் மறக்கும் இடம் பிசிவி, அதாவது கிராங்க்கேஸில் சேரும் புகையை இழுத்து எடுக்கும் குழாய். மேனிஃபோல்டுக்குப் போகும் அந்தக் குழாயில் ஒருவழி வால்வு போடாவிட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். டாப்பட் கவரிலிருந்து வரும் மூச்சுக் குழாயை ஒரு கேட்ச் கேன் (எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் டப்பா) வழியாக ப்ளோயருக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பிரேக் பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு வேலை செய்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். கார்பன் கேனிஸ்டர் குழாய்க்கும் அதே பரிசோதனை.

எல்லாம் மாட்டியதும் ஏர் ஃபில்டர் வாயை அடைத்து, டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரால் 8 பிஎஸ்ஐ காற்று விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். முதல் தடவை எப்படியும் இரண்டு இடத்தில் நுரை வரும். குழாய் முனையில் விளிம்பு உருட்டியிருக்கவேண்டும், டி-போல்ட் கிளாம்ப் போடவேண்டும், சாதாரண ஹோஸ் கிளிப் பூஸ்ட்டுக்கு நிற்காது.

டியூனிங்

பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மில்லிக்கு இறக்குங்கள், இல்லையென்றால் பூஸ்ட்டில் ஸ்பார்க் அணைந்து விக்கும். ஏர்-ஃப்யூயல் எண்ணைப் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) பார்க்காமல் லாம்ப்டாவைப் பாருங்கள். சரியாக எரியத் தேவையான கலவை லாம்ப்டா 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல். எத்தனால் கலந்ததும் 14.7 என்ற பழைய எண் மாறிவிடுகிறது, லாம்ப்டா 1 மாறுவதில்லை. முழு பூஸ்ட்டில் 0.80-ஐ ஒட்டி ஆரம்பியுங்கள். ஸ்பார்க்கை ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு டிகிரி வீதம் பின்னால் தள்ளித் தொடங்குங்கள், நாக் சென்சாரும் காதுமாகச் சேர்ந்து கேட்டுக்கொண்டே அரை டிகிரி அரை டிகிரியாக முன்னேறுங்கள். சக்தி கூடுவது நின்றதும் நிறுத்திவிட்டு இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். காற்று வெப்பநிலை 50-ஐத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாகவே ஸ்பார்க்கைக் குறைக்கும்படி அட்டவணை போடுங்கள். ஜனவரிக் காலையில் டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் உருளை மேடை) டியூன் செய்துவிட்டு ஏப்ரல் மதியம் வெயிலில் ஓட்டுபவருக்கு அந்த அட்டவணைதான் எஞ்சினைக் காப்பாற்றும். பூஸ்ட் 8-ஐத் தாண்டினாலோ, பூஸ்ட்டில் லாம்ப்டா 0.88-க்கு மேல் போனாலோ எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போலக் கரும்புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அடுத்த ஓட்டத்துக்குப் போகக்கூடாது, வண்டியை நேராக ரெக்கவரியில் ஏற்றவேண்டும். சுத்தமாக இருந்தால் பெல்ட் இறுக்கத்தைப் பாருங்கள். புது பெல்ட் முதல் நாளிலேயே நீளும். பிராக்கெட் போல்ட்டுகளில் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் எது கழன்றது என்று ஒரே பார்வையில் தெரியும். வரிசையில் காத்திருக்கும்போது பானட்டைத் திறந்து, தண்ணீர் பம்ப்பை ஓடவிட்டு, ஐஸ் பெட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டு கோட்டுக்குப் போங்கள்.